விரும்பினால் விட்டுவிடலாம்: அமெரிக்கப் பள்ளிக் கோடையில் ஹோமர்

இப்பதிவு சற்று நீளமானது. கல்வி வரலாற்றிலும் மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் ஆர்வமுள்ள நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

அமெரிக்காவில் வாழும் என் அக்காள் மகள் இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பில் சேரவிருக்கிறாள். கோடை விடுமுறை முடிவதற்குள் ஹோமரின் ‘ஒடிசி’யைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது பள்ளியின் ஏற்பாடு. சென்ற மாதம் தொலைபேசியில் அவள் என்னிடம் கேட்டாள்: “மாமா, புத்தகத்துக்குப் பேரே ஒடிசி. நாலு பகுதி முடிச்சாச்சு, ஒடிசியஸ் இன்னும் வரவே இல்ல. அவர் பையன்தான் அலையறான். இதெல்லாம் விட்டுட்டு அஞ்சாவதுல இருந்து படிக்கட்டுமா?”

விடாதே, படி என்று மாமன்மார் சொல்லும் மறுமொழியைத்தான் நானும் சொன்னேன். ஆயினும் அவள் கேட்ட அதே அனுமதியை, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு, அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான பாடப்பட்டியல் எழுத்து வடிவிலேயே வழங்கியிருந்தது என்பது நினைவுக்கு வந்தது. 1910களில் ஆங்கிலப் பாடத்துக்கென வகுக்கப்பட்ட அப்பட்டியலில், மொழிபெயர்ப்பில் வாசிக்கத்தக்க செவ்வியல் நூல்களுள் ஒன்றாக ஒடிசி இடம்பெறுகிறது. அதனுடன் ஒரு சலுகையும் உண்டு: 1, 2, 3, 4, 5, 15, 16, 17 ஆகிய படலங்களை, விரும்பினால், விட்டுவிடலாம். மொத்தம் இருபத்துநான்கு படலங்களைக் கொண்ட நூலில் எட்டுப் படலங்கள் இவ்வாறு விருப்பத்துக்குரியனவாயின. இலியட்டுக்கும் இத்தகைய சலுகை உண்டு. அதில் 11, 13, 14, 15, 17, 21 ஆகிய ஆறு படலங்களை விட்டுவிடலாம்.

விடப்பட்ட படலங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வியப்பு ஏற்படுகிறது. ஒடிசியின் முதல் நான்கு படலங்கள் ஒடிசியஸின் மகன் டெலமாக்கஸைப் பற்றியவை. தந்தை போருக்குச் சென்றபோது கைக்குழந்தையாக இருந்தவன் இப்போது இருபது வயதை எட்டிய இளைஞன். தாயை மணக்க விரும்பி வந்த கூட்டம் அவனுடைய வீட்டிலேயே தங்கி அவன் சொத்தை உண்டு தீர்க்கிறது. அவைக் கூட்டத்தைக் கூட்டிப் பேசுகிறான். பேச்சின் நடுவே அழுதுவிடுகிறான். பின்னர் தந்தையைப் பற்றிய செய்தி தேடிக் கப்பலேறிப் பைலோசுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் செல்கிறான். பதினைந்தாம் படலத்தில் அவன் ஊர் திரும்புகிறான். பதினாறாம் படலத்தில் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். பதினேழாம் படலத்தில், இருபதாண்டுகளுக்குப் பின் வந்த தலைவனை இனங்கண்ட முதிய நாய் ஆர்கோஸ் வாலசைத்து உயிர்விடுகிறது. பதின்பருவத்து மாணவர்களுக்கென வகுத்த ஒரு பட்டியல், அந்நூலில் வளரிளம் பருவத்தைப் பற்றிப் பேசும் பகுதிகளையே விட்டுவிடத்தக்கவை எனக் கருதியிருக்கிறது.

இதில் இன்னொரு முரணும் அடங்கியுள்ளது. இன்று கல்வியுலகில் எங்கும் வழங்கும் ‘மென்டர்’ என்னும் சொல் ஒடிசியின் இரண்டாம் படலத்திலிருந்து வந்தது. ஒடிசியஸின் நண்பனாகிய மென்டரின் உருவத்தில் அதீனா தெய்வம் வந்து டெலமாக்கஸுக்குத் துணைநிற்கிறது. அச்சொல் வழிகாட்டும் ஆசானைக் குறிக்கும் பொதுச்சொல்லாகப் பரவியதற்குப் பெருங்காரணம் ஹோமர் அல்லர். 1699இல் வெளியான ஃபெனலோனின் ‘டெலமாக்’ என்னும் பிரெஞ்சுக் கதைநூலே. பதினான்காம் லூயி மன்னனின் பேரனுக்கு ஆசானாக இருந்த ஃபெனலோன், இளவரசனுக்கு ஏற்ற பாடம் ஒடிசியில் எங்கே இருக்கிறது என்று தேடி, டெலமாக்கஸின் பயணத்தையே தேர்ந்தெடுத்தார். பதினேழாம் நூற்றாண்டின் ஓர் ஆசிரியர் கல்வியின் கருவாகக் கண்ட பகுதி, இருபதாம் நூற்றாண்டின் தேர்வாளர்களுக்கு விருப்பப் பகுதியாகிவிட்டது.

ஏன் அவ்வாறு ஆயிற்று? இவ்வினாவுக்கு விடைகாண ஹோமர் அமெரிக்கப் பள்ளிக்குள் நுழைந்த வழியைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டிலேயே ஹார்வர்டில் சேர விரும்புவோர் இலத்தீனுடன் கிரேக்கப் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் திரித்துக்காட்டத் தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலியட்டின் முதல் மூன்று படலங்களைக் கிரேக்க மொழியிலேயே கற்றுவருவது முன்னணிக் கல்லூரிகளில் நுழைவதற்கு வழக்கமான தகுதியாகியிருந்தது. இரண்டாம் படலத்தில் வரும் நீண்ட கப்பற்பட்டியலைச் சில கல்லூரிகள் விலக்கியதும் உண்டு. ஆக, விடுபாட்டுக்கும் நீண்ட மரபு உண்டு. அன்றைய மாணவனுக்கு ஹோமர் கவிதையாக வாய்த்ததைக் காட்டிலும் இலக்கணப் பயிற்சிக்களமாகவே வாய்த்தார். கதை எங்கே போகிறது என்பதை அறிவதற்கு முன்பே மூன்று படலங்களும் முடிந்துவிடும். அக்கிலிஸின் சினம் எவ்வாறு தணிந்தது என்று அறியாமலேயே கல்லூரிக்குள் நுழைந்தோர் பலர்.

வாயிற்கதவாக நின்ற ஒரு மொழி, வெளியே நிறுத்தப்பட்டோருக்கு என்னவாக இருந்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. அடிமையாகப் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, 1773இல் கவிதை நூல் வெளியிட்ட ஃபிலிஸ் வீட்லி, ஹோமரைப் போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே அறிந்தவர். அந்நூலின் முதற்கவிதையிலேயே ஹோமரை நினைவுகூர்கிறார். கறுப்பினச் சிந்தனையாளர் அலெக்சாந்தர் கிரம்மெல் தம் முதுமையில், 1897இல் ஆற்றிய உரையில், இளமையில் தாம் கேள்வியுற்ற ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். கிரேக்கத் தொடரிலக்கணம் அறிந்த ஒரு கறுப்பரைக் காட்டினால் அவ்வினத்தவரும் மனிதரே என்று ஒப்புக்கொள்வதாகத் தென்மாநில அரசியல்வாதி ஜான் கால்ஹூன் பேசினாராம். கிரம்மெல் பிற்காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சென்று பட்டம் பெற்றவர். 1852இல் ஜார்ஜியாவில் அடிமைநிலையில் பிறந்த வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ, 1881இல் கிரேக்க மொழிக்கு ஒரு தொடக்கப் பாடநூலையே எழுதி வெளியிட்டார். ஓஹையோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்து, பின்னர் அதன் தலைவருமானார். 1890களில் டு பாய்ஸ் அங்கே இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். அவர்களுக்குக் கிரேக்கக் கல்வி வெறும் அலங்காரமன்று. மறுக்கப்பட்ட மனிதத் தகுதிக்கான வழக்காடலும் அதனுள் அடங்கியிருந்தது.

இதே காலத்தில் அக்கதவு உள்ளிருந்தே தளரத் தொடங்கியது. 1883இல் ஹார்வர்டில் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸ் ஆற்றிய உரை, கட்டாயக் கிரேக்கத்தைக் கல்லூரிகளின் மூடவழிபாடு என்று சாடிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அவர் இரண்டு குடியரசுத் தலைவர்களைத் தந்த குடும்பத்தில் வந்தவர் என்பதால் அவ்வுரையைப் புறக்கணிக்க இயலவில்லை. அப்பத்தாண்டு முடிவதற்குள் ஹார்வர்டில் சேரக் கிரேக்கம் கட்டாயம் என்னும் நிலை மாறியது. மற்றக் கல்லூரிகளும் ஒவ்வொன்றாக அவ்வழியில் சென்றன.

கிரேக்கம் வெளியேறியபோது ஹோமரும் உடன் வெளியேறியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. அவர் ஆங்கில வகுப்பின் வாயில் வழியே மீண்டும் உள்ளே வந்தார். 1890களில் கல்லூரிகள் ஒன்றுகூடி ஆங்கிலத்துக்கெனப் பொதுவான நுழைவுப் பாடப்பட்டியலை வகுத்தபோது, போப்பின் இலியட்டிலிருந்து 1, 6, 22, 24 ஆகிய நான்கு படலங்கள் அதில் சேர்க்கப்பட்டன. அக்கிலிஸின் சினம், ஹெக்டர் மனைவியிடமும் மகனிடமும் விடைபெறுதல், ஹெக்டரின் வீழ்ச்சி, மகனின் உடலைக் கேட்டு முதிய பிரியம் பகைவனின் பாசறைக்கு வருதல் என்று அந்நான்கும் சேர்ந்து ஒரு முழுக்கதையாக நிற்கின்றன. பதிப்பகங்கள் இந்நான்கு படலங்களை மட்டும் குறிப்புரையுடன் சிறுநூல்களாக அச்சிட்டு விற்றன. கிரேக்கம் பயின்று முதல் மூன்று படலங்களோடு நின்றுவிட்ட முந்தைய தலைமுறையைவிட, போப்பின் நான்கு படலங்களைப் படித்த இத்தலைமுறையே இலியட்டின் முடிவை நன்கு அறிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

நான் முதலில் குறிப்பிட்ட ஒடிசிப் பட்டியல் இதன் தொடர்ச்சி. அந்த விடுபாட்டின் காரணத்தை இப்போது ஊகிக்கலாம். வகுப்பு நேரம் குறைவு. நூலோ பன்னிரண்டாயிரம் அடிகளுக்கு மேற்பட்டது. ஒற்றைக்கண் அரக்கன், மாயக்காரி சர்சி, சைரன்களின் பாடல் ஆகியவை மாணவரை ஈர்க்கும். இவை நான்கே படலங்களில், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, ஒடிசியஸ் தன் வாயால் சொல்லும் கதைகளாக வருகின்றன. அந்நான்கே ஒடிசியின் முகமாயின. பிற்காலத்து ஒன்பதாம் வகுப்புத் தொகைநூல்களிலும் பெரும்பாலும் இக்கதைகளும் இறுதிப் பழிவாங்கலுமே இடம்பெற்றன. இடையில் இருந்த மகன் மெலிந்து ஒரு துணைப்பாத்திரமாகிவிட்டான். இது திட்டமிட்ட சதியன்று. நேரமின்மையும் தேர்வும் சேர்ந்து செய்த சுருக்கம்.

ஆகவே, முழு நூலையும் வாசிக்கப் போதிய காலம் அளிப்பது கோடை ஒன்றே. ஆனால் அமெரிக்கப் பள்ளியின் நீண்ட கோடை விடுமுறையும் இயற்கையாக அமைந்ததன்று. வயல்வேலைக்காக ஏற்பட்டது என்னும் பரவலான நம்பிக்கை பொருந்தவில்லை. உழவர்க்குப் பிள்ளைகளின் உழைப்பு மிகுதியும் தேவைப்பட்டது விதைப்புக்கும் அறுவடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிராமப் பள்ளிகள் பெரும்பாலும் குளிர்காலத்திலும் கோடையிலும் நடந்தன. நகரப் பள்ளிகளோ ஆண்டின் பெரும்பகுதி திறந்திருந்தன. நகர வெப்பம் பற்றிய அச்சம், மிகைப்படிப்பு மூளையைக் கெடுக்கும் என்னும் அக்கால மருத்துவக் கருத்து, வசதியுள்ள குடும்பங்கள் கோடையில் ஊரைவிட்டுச் செல்லும் வழக்கம், ஆசிரியர் பயிற்சிக்கான தேவை ஆகியவை சேர்ந்தே கோடையை விடுமுறையாக்கின. விடுமுறை வந்ததும் அதை எதனால் நிரப்புவது என்னும் கவலையும் வந்தது. 1890களின் பிற்பகுதியிலேயே கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க் போன்ற நகரங்களின் பொதுநூலகங்கள் சிறுவர்க்கான வாசிப்பு முயற்சிகளைத் தொடங்கிவிட்டன. பள்ளிகளின் கோடைப் பட்டியல்கள் இம்மரபையும் கல்லூரி நுழைவு மரபையும் ஒருங்கே பெற்றவை. 1942இல் வெளியான ஈடித் ஹாமில்டனின் ‘மித்தாலஜி’ இப்பட்டியல்களில் நீண்டகாலமாக இடம்பெற்று வருவது. அவர் பால்டிமோரில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். 2010இல் வெளியான பொதுக் கல்வித்தரத்தின் பின்னிணைப்பும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கான மாதிரி நூல்களுள் ஒடிசியைக் குறித்தது.

கோடை அனைவருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. அட்லாண்டா நகரப் பள்ளிகளை ஆராய்ந்து பார்பரா ஹேன்ஸ் 1978இல் வெளியிட்ட நூல், வசதியுள்ள பிள்ளைகளுக்கும் வறிய பிள்ளைகளுக்கும் இடையிலான கற்றல் இடைவெளி பள்ளி நடக்கும் மாதங்களைவிடக் கோடையிலேயே விரைந்து விரிகிறது என்று காட்டியது. கோடையில் கற்றல் வளர்வதற்கு மிகவும் தொடர்புடைய செயல் நூல் வாசிப்பே என்றும் அது கண்டது. இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் கோடைப் பட்டியலின் இருமுகமும் தெரியும். வாசிப்பவனை அது உயர்த்தும். ஆனால் வீட்டில் ஐயம் கேட்க ஒருவரும் இல்லாதவனுக்கும், விடுமுறையில் கூலிவேலைக்குச் செல்பவனுக்கும் அது செப்டம்பரில் காத்திருக்கும் மற்றுமொரு நுழைவுத் தேர்வு. கிரேக்க இலக்கணம் நின்ற இடத்தில் இப்போது ஓய்வு நேரம் நிற்கிறது.

ஆசிரியர் அருகில் இல்லாத இவ்வாசிப்பில் மாணவர் கைக்கு வரும் மொழிபெயர்ப்பே ஆசிரியரும் ஆகிவிடுகிறது. இதற்கு ஒரே ஒரு சான்று போதும். இருபத்திரண்டாம் படலத்தில், மணவேட்பாளர்கள் கொல்லப்பட்ட பின், அவர்களுடன் உறவு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பன்னிரண்டு பெண்களை டெலமாக்கஸ் தூக்கிலிடுகிறான். வாளால் கொல்லும்படி தந்தை சொல்லியிருந்தும், மகன் அதனினும் இழிவான சாவைத் தேர்கிறான். மூலத்தில் அவர்கள் ‘த்மோஅய்’, அதாவது அடிமைப் பெண்கள். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இச்சொல் பணிப்பெண்கள் என்றே வந்தது. தூக்கிலிடுமுன் அவன் பேசும் இடத்தில் கிரேக்கம் அவர்களைப் பெண்பாற் சுட்டுச்சொற்களால் மட்டுமே குறிக்கிறது. 1961இல் வெளியான ஃபிட்ஸ்ஜெரால்டின் மொழிபெயர்ப்பும் 1996இல் வெளியான ஃபேகிள்ஸின் மொழிபெயர்ப்பும் அவ்விடத்தில் ஒழுக்கங்கெட்டவர் எனப் பொருள்படும் வசைச்சொற்களைச் சேர்த்தன. இவ்விரண்டும் அமெரிக்கப் பள்ளிகளில் மிகப் பரவலாக வழங்கியவை. ஒடிசி முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட முதற்பெண்ணான எமிலி வில்சன், 2017இல், அவர்களை அடிமைகள் என்றே வெளிப்படையாக எழுதினார், வசையைச் சேர்க்கவில்லை. வேலைக்காரி தன் விருப்பால் துரோகம் செய்தாள் என்று படிக்கும் மாணவியும், மறுக்கும் உரிமையற்ற அடிமைப்பெண் கொல்லப்பட்டாள் என்று படிக்கும் மாணவியும் ஒரே நூலைப் படித்தவர்கள் எனச் சொல்ல இயலுமா? முதல் நான்கு படலங்களைப் படிக்காதவர்களுக்கு இன்னொன்றும் தெரியாமற்போகும். இத்தூக்கை இட்டவன், அவையில் பேச்சின் நடுவே அழுத அதே பையன். அவன் வளர்ந்து ஆளான கதையின் ஒரு முடிவு இது. அவ்வளர்ச்சி நமக்கு ஏற்புடையதா என்னும் வினா, முழு நூலையும் வாசித்தவர்களிடமே எழும்.

மொழிபெயர்ப்பையும் கடந்து இழப்பு ஒன்று உண்டு. அது ஒலி. ஹோமரின் அடைமொழிகளும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் வாய்மொழிப் பாடகரின் இயற்றுமுறைக்கு உரியவை என்று மில்மன் பாரி 1928இல் பாரிஸில் அளித்த ஆய்வேடுகளிலும் அவற்றைத் தொடர்ந்த கட்டுரைகளிலும் நிறுவினார்; 1930களில் யூகோஸ்லாவியா சென்று பாடகர்களின் பாடல்களைப் பதிவுசெய்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் 1935இல் பன்னிரண்டாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட ஒரு பாடலைப் பாடிக்கொடுத்தார். அது ஏறக்குறைய ஒடிசியின் அளவு. பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்ட் இவ்வாய்வை 1960இல் நூலாக்கினார். நம் வாசகர்களுக்கு இவ்வழி புதியதன்று. பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்த க. கைலாசபதி, இதே முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி 1968இல் ‘தமிழ் ஹீரோயிக் பொயட்ரி’ நூலை வெளியிட்டார். அவர் முடிவுகளோடு உடன்படாதோரும், பாணரின் குரலை நினையாமல் புறநானூற்றைப் படிக்க இயலாது என்பதை ஏற்பர். ஒரு கூடத்தில் பலர் சூழக் கேட்கப்பட்ட பாடலைத் தனியறையில், மௌனமாக, செப்டம்பர்த் தேர்வை எண்ணியபடி படிக்கும்போது, மீண்டும் மீண்டும் வரும் அடைமொழி சலிப்பாகவே தோன்றும். என் அக்காள் மகளும் அதைச் சொன்னாள். பாடகனுக்கு அது அடுத்த அடியை எண்ணுவதற்கான மூச்சு என்று சொன்ன பிறகு, சில பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாளாம். தம்பியும் வந்து உட்கார்ந்துகொண்டானாம்.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறுவது இதுவே. ஹோமர் பள்ளியில் மாறாமல் நிற்கும் ஒரு சொத்தல்லர். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பகுதியை விட்டுவிட்டு, எஞ்சியதை ஹோமர் என்று மாணவரிடம் தந்திருக்கிறது. எதை விட்டோம் என்பதை மாணவரிடம் சொன்னதில்லை. கோடை வாசிப்பை நிறுத்த வேண்டும் என்றோ, கட்டாயமாகத் தொடர வேண்டும் என்றோ நான் வாதிடவில்லை. பட்டியலைத் தருவோர் மூன்று செயல்களைச் சேர்க்கலாம் என்று கருதுகிறேன்: விடுமுறைக்கு முன் ஒரு படலத்தையாவது வகுப்பில் உரக்கப் படித்தல், ஒரே பகுதியின் இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே தருதல், விட்டுவிட்ட படலங்களில் என்ன உள்ளது என்பதை வெளிப்படையாகக் கூறுதல். இவற்றுக்குச் செலவு மிகுதியில்லை.

அக்காள் மகள் இப்போது பதினாறாம் படலத்தை முடித்துவிட்டாள். தந்தையும் மகனும் சேர்ந்து அழுத இடத்தில், முதல் நான்கை விட்டிருந்தால் இவன் யாரென்றே தனக்குத் தெரிந்திருக்காது என்றாள். இருபத்திரண்டாம் படலம் இனித்தான் வரவிருக்கிறது. அதைப் பற்றி அவளிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா, அவளே சென்று சேரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. வகுப்பறையில் பணியாற்றும் நண்பர்கள் தங்கள் கருத்தைக் கூறினால் மகிழ்வேன்.